கையுறை விரியும்போது

“நீ அந்த நோட்டுல அப்படி என்னதான் எழுதுற?”

டெரல் என்னை இப்படிக் கேட்டது ஏப்ரல் இரண்டாவது வாரத்தில், ஒரு காலைச் சாப்பாட்டின்போது. வெளியே பனி தூறிக்கொண்டிருந்தது. அவன் முட்டையின் மேல் மிளகாய்ச் சாற்றைச் சிவக்கச் சிவக்க ஊற்றிக்கொண்டிருந்தான். நோட்டு மேசைக்கு அடியில் என் மடியில் இருந்தது. அவன் கவனித்திருக்க மாட்டான் என்று நினைத்திருந்தேன்.

“ஒண்ணுமில்ல” என்றேன்.

“ஒண்ணுமில்லாததுக்கா தினம் ரெண்டு பென்சில் சீவுற, கணக்குப்பிள்ளை?”

அம்மா சிரித்தாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு கழுவும் தொட்டிப் பக்கம் போய்விட்டேன். யாராவது நேராகக் கேள்வி கேட்டால் நான் சின்னப் பெண்ணிலிருந்தே அப்படித்தான். பதினோராம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதும் அதனால்தான். வகுப்புக்கு முன்னால் நின்று ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்றார்கள். நின்றேன். பேச்சு வரவில்லை. மறுநாளும் நின்றேன், வரவில்லை. அதற்கு மறுநாள் நானே போகவில்லை.

டெரல் எங்கள் உறவு இல்லை. டெக்சாஸில் எங்கோ ஒரு வறண்ட ஊரிலிருந்து வந்தவன். வயது இருபத்திரண்டு. எங்கள் ஊர் பேஸ்பால் அணியான கேல்பர்க் ஹெரான்ஸுக்குப் பந்து எறிய வந்திருந்தான். வெளியூரிலிருந்து வரும் பையன்களை இங்கே யாராவது வீட்டில் தங்கவைத்துக்கொள்வது வழக்கம். என் அண்ணன் கடற்படைக்குப் போனதில் எங்கள் வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தது. அப்பா முதல் ஆளாகப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார்.

“இடது கைக்காரன் ஒருத்தனைக் குடுங்கன்னு கேட்டு வாங்கியிருக்கேன்” என்றார், கசாப்புக் கடையில் நல்ல துண்டாகப் பார்த்து வாங்கிவந்தவர் போல.

அப்பாவுக்கு வீடுகளைச் சூடாக்கும் கொதிகலன்களைப் பழுது பார்க்கும் வேலை. ஏப்ரலில் எங்கள் ஊரில் குளிர் போகாது, அதனால் வேலையும் ஓயாது. ஆனால் அப்பாவுக்கு ஏப்ரல் என்றால் பேஸ்பால்தான். அந்த வருடம் பதினேழு ஆட்டம் முடிவதற்குள் ஹெரான்ஸ் பதினான்கில் தோற்றிருந்தது. ஹெரான் என்றால் கொக்கு. சட்டையில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கின் படம்.

“கொக்குன்னு பேர் வச்சா பின்ன என்ன செய்வானுங்க? பந்து வந்தாலும் நிக்கிறானுங்க, போனாலும் நிக்கிறானுங்க” என்பார் அப்பா.

ஊரில் எல்லோரும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். ரொட்டிக் கடையில், தபால் நிலையத்தில், தேவாலயத்துப் படியில், “ஏப்ரல்தானே, செப்டம்பர் வரைக்கும் நாள் இருக்கு.” இதைக் கேட்டாலே அப்பாவுக்குக் காது சிவந்துவிடும். “ஏப்ரல்ல தோத்த ஆட்டத்தை செப்டம்பர்ல திருப்பிக் குடுக்கிறானா எவனாவது?” என்று கேட்பார். ஒவ்வொரு தோல்விக்கும் பிறகு தன் தொப்பியைச் சமையலறை ஆணியில் முகம் சுவர்ப் பக்கமாக மாட்டிவைப்பார். ஜெயித்தால்தான் திருப்புவார். அந்த மாதம் பெரும்பாலும் நாங்கள் தொப்பியின் முதுகைப் பார்த்துத்தான் சாப்பிட்டோம்.

மைதானத்தில் எங்களுக்கு எப்போதும் ஒரே இடம். மட்டையடிப்பவனுக்குப் பின்னால் கட்டியிருக்கும் வலைக்கு நேரே, மூன்றாம் வரிசை. அப்பா ஃபிளாஸ்கில் பட்டாணி சூப் எடுத்து வருவார், நான் கம்பளியும் நோட்டும். எறிகிற ஒவ்வொரு பந்துக்கும் ஒரு குறி போடுவேன். வேகப்பந்துக்கு ஒரு புள்ளி, வளைபந்துக்கு ஒரு கொக்கி. ஓரத்தில் சின்னச் சின்னப் படங்களும் வரைவேன். எட்டு வயதிலிருந்தே அப்படி. நான் ரன் கணக்கு எழுதுகிறேன் என்று அப்பா நினைத்துக்கொண்டிருந்தார். எழுதியதை யாருக்கும் காட்டியதில்லை. பழைய நோட்டுகள் எல்லாம் என் கட்டிலுக்கடியில் ஒரு குளிர்காலக் காலணிப் பெட்டியில் இருந்தன.

டெரல் எறியும் நாட்களில்கூட அப்பா வாயைக் கட்டவில்லை. முந்தைய இரவு அவனுக்குப் பன்றிக்கறித் துண்டைத் தன் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்த அதே மனிதர், மைதானத்தில் எழுந்து நின்று, “தம்பி, பந்தைத் தட்டுல வச்சு நீட்டுறியே, கூடவே சாஸும் ஊத்திக் குடுத்துடேன்” என்று கத்துவார்.

ஒரு நாள் டெரல் மெதுவாகச் சொன்னான், “உங்க குரல் நான் நின்னு எறியுற மேடு வரைக்கும் கேக்குது சார்.”

“கேக்கட்டும்னுதானே கத்துறேன். மைதானத்து கேட்டைத் தாண்டி உள்ள போனா நான் ரசிகன். இந்தப் படியேறிட்டா நீ என் வீட்டுப் பிள்ளை. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காத.”

“குழப்பிக்கல சார்” என்றான். உண்மையில் அவனுக்கு அதில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. அவன் ஊரில் அவன் மாமாக்கள் இதைவிட மோசமாகக் கத்துவார்களாம்.

அப்பா வாய் மூடியிருக்கும் ஒரே நேரம் டெரல் எறியும் நாளின் காலைதான். அன்றைக்குப் பந்து எறியப்போகிறவனோடு யாரும் பேசக் கூடாது. இது எங்கள் வீட்டுச் சட்டம் மட்டும் இல்லை, பேஸ்பால் இருக்கும் இடமெல்லாம் அப்படித்தான். பேசினால் கை கெட்டுவிடும் என்று நம்பிக்கை. அவன் உப்பு வேண்டும் என்றால் கையால் காட்டுவான். அம்மா தள்ளுவாள். எனக்கு அந்தக் காலைகள் பிடித்திருந்தன. வீட்டில் எல்லோரும் என்னைப் போலவே இருந்தார்கள்.

நான் அதைக் கண்டுபிடித்தது ஏப்ரல் பதினாறாம் தேதி. டெரலின் இரண்டாவது உள்ளூர் ஆட்டம். முதல் ஆட்டத்தில் ஐந்து ரன் கொடுத்திருந்தான். அன்றைக்கு, ஒன்பது இன்னிங்ஸில் நான்காவது முடிவதற்குள்ளேயே ஆறு. எதிரணிக்காரர்கள் அவன் வளைபந்தைத் தொடாமல் விட்டுவிட்டு, வேகப்பந்துக்காகக் காத்திருந்து அடித்தார்கள். வருவது எது என்று மட்டையடிப்பவனுக்குத் தெரியாமல் இருப்பதில்தான் எறிபவனின் பிழைப்பே இருக்கிறது. அவர்களில் இரண்டு பேருக்காவது தெரிந்திருந்தது போல எனக்குப் பட்டது.

நான் ஓரத்தில் வரைந்திருந்த படங்களைப் பார்த்தேன். எறிவதற்கு முன்னால் அவன் இரண்டு கையையும் மார்புக்கு நேரே சேர்த்து, பந்தைக் கையுறைக்குள் வைத்துப் பிடி மாற்றுவான். அந்த நேரத்துக் கையுறையைத்தான் நான் விளையாட்டாக வரைந்துகொண்டிருந்தேன். சில படங்களில் கையுறை மூடிய சிப்பி போல ஒடுங்கியிருந்தது. சிலவற்றில் அகன்றிருந்தது. அகன்றிருந்த படம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கொக்கிதான் இருந்தது. வளைபந்துக்கு விரல்களை ஆழமாக நுழைத்துப் பிடிக்க வேண்டும். அப்போது அவன் கை உள்ளிருந்து தள்ள, கையுறை விரிகிறது. அவனுக்கே அது தெரியாது.

அதற்குப் பிறகு வந்த பந்துகளை, அவன் எறிவதற்கு முன்பே எழுதினேன். பதினோரு பந்து. பதினொன்றும் சரி. சூப் ஆறிப்போனது தெரியவில்லை. பக்கத்தில் அப்பா, “கழட்டுங்கடா அவனை, போதும்” என்று கத்திக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் வேறு யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்தது அதுதான் முதல் தடவை. சந்தோஷமாக இருந்தது. அதை இப்போது நினைத்தால் கூசுகிறது. அவன் தோற்றுக்கொண்டிருந்த நேரத்தில் நான் சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் டெரல் சமையலறையில் அம்மாவிடம் சொன்னான், “ஞாயித்துக்கிழமை இன்னொரு ஆட்டம் குடுத்திருக்காங்க மேடம். அதுலயும் இப்படியே போச்சுன்னா பையைக் கட்டிக்கச் சொல்லிட்டார் மேனேஜர்.”

“வேற ஊர்ல எடுத்துக்க மாட்டாங்களாப்பா?”

“ஏப்ரல்லயே அனுப்பினவனை எவன் எடுப்பான்? ஊருக்குப் போய் மாமாவோட கிணறு தோண்ட வேண்டியதுதான்.” சொல்லிவிட்டுச் சிரித்தான். அம்மா அவன் தட்டில் இன்னொரு முட்டையை வைத்தாள். அதற்கு மேல் அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

எனக்கு மூன்று நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்று அவன் சொன்னபோதே நான் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். ‘வளைபந்துக்கு முன்னாடி உங்க கையுறை விரியுது.’ என் அறையில் கண்ணாடிக்கு முன்னால் அதைச் சொல்லிப் பார்த்தேன், தடுமாறாமல் வந்தது. ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவன் காலணிக்குள் போட்டேன். பத்து நிமிடம் கழித்துப் போய் எடுத்துவிட்டேன். பள்ளிக்கூடம்கூட முடிக்காத ஒரு பெண் அவனுக்குப் பந்து எறியச் சொல்லித் தருவதா என்று அவன் சிரிப்பான். சிரிக்காவிட்டால் இன்னும் கஷ்டம். ‘எப்படிக் கண்டுபிடிச்ச?’ என்று கேட்பான். நோட்டைக் காட்ட வேண்டியிருக்கும். நோட்டில் கையுறை மட்டும் இல்லை. அவன் மேட்டில் தனியாக நின்று தொப்பியைத் திருகிய விதமும் இருந்தது. அவனைப் பற்றி நான் எழுதிய வேறு சில வரிகளும் இருந்தன.

வெள்ளிக்கிழமை மாலை அவன் பின்புறத்தில், பழைய மெத்தையைக் கொட்டகைக் கதவில் சாய்த்துவைத்து எறிந்துகொண்டிருந்தான். நான் துணி எடுக்கப் போனேன். கொடியில் துணியே இல்லை. கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“என்ன, கணக்குப்பிள்ளை?”

நான் அவன் கையுறையையே பார்த்தேன்.

“சொல்லு. என்னமோ சொல்லத்தானே வந்திருக்க?” அவன் பந்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். யாரும் எனக்காக அவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை.

“மிளகாய்ச் சாறு தீர்ந்துபோச்சு” என்றேன்.

அவன் ஒரு நொடி பார்த்துவிட்டு, “அட, அது பெரிய துக்கச் செய்தியாச்சே” என்று சொல்லி மறுபடி எறியத் தொடங்கினான். மெத்தையில் பந்து விழும் சத்தம் நான் உள்ளே போன பிறகும் கேட்டது. எனக்குப் பார்க்காமலே தெரிந்தது, எது புள்ளி, எது கொக்கி என்று.

சனிக்கிழமை அப்பாவோடு வேனில் ஒரு வீட்டுக் கொதிகலன் பார்க்கப் போனேன், விளக்குப் பிடிக்க. திரும்பி வரும்போது அவரிடம் சொல்லிவிட்டேன். அப்பாவிடம் பேசுவது எனக்குச் சுலபம். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்பார்.

அப்பா வேனை ஓரத்தில் நிறுத்திவிட்டார். “திருப்பிச் சொல்லு.”

சொன்னேன். நோட்டையும் அந்த ஒரு பக்கத்தை மட்டும் மடித்துக் காட்டினேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையுறைப் படங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு தொடையில் ஓங்கித் தட்டினார்.

“முப்பது வருஷமா நானும் பாக்குறேன். சம்பளம் வாங்குற கோச்சும் பாக்குறான். ஒருத்தன் கண்ணுலயும் படல. என் பொண்ணு கண்ணுல பட்டிருக்கு பாரு.”

“நீங்க அவர்கிட்ட சொல்லிடுங்கப்பா.”

“சொல்லாம? இது ஒரு பெரிய விஷயமே இல்ல. பெரிய கையுறையா மாட்டினா உள்ள கை என்ன பண்ணுதுன்னே தெரியாது. கொட்டகையில என்னோடது ஒண்ணு கிடக்கே, அதையே குடுக்கலாம்.” வீடு வரும் வரைக்கும் விசிலடித்துக்கொண்டே ஓட்டினார். அந்த மாதத்தில் அப்பா விசிலடித்தது அன்றைக்குத்தான். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது டெரல் இல்லை. அணிக்காரர்களோடு சாப்பிடப் போயிருந்தான். அப்பா கொட்டகையில் கையுறையைத் தேடினார். கிடைத்ததும் தூசி தட்டி எண்ணெய் போட்டார். பிறகு நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கிவிட்டார். டெரல் வந்து மாடிக்குப் போனது அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. நான் எழுப்பவில்லை. காலையில் சொல்லிக்கொள்வார் என்று இருந்துவிட்டேன்.

காலை, ஞாயிற்றுக்கிழமை. டெரல் எறியும் நாள்.

அவன் மேசையில் உட்கார்ந்து வெறும் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். அப்பா எதிரில். நான் அப்பாவின் முகத்தையே பார்த்தேன். அப்பா வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். டெரல் பையைத் தூக்கிக்கொண்டு ஒன்பது மணிக்குக் கிளம்பினான். கதவு சாத்தியதும் நான், “அப்பா” என்றேன்.

“எப்படிம்மா சொல்றது? இன்னைக்கு அவன் நாள். எறியுற அன்னைக்குப் போய்க் கையைப் பத்திப் பேசினா அவன் மனசு முழுக்கக் கையிலதான் இருக்கும். ஆட்டம் முடியட்டும். சாயங்காலம் சொல்றேன்.”

“சாயங்காலம்னா—”

“தெரியும். தெரியும். அவன் இன்னைக்கு நல்லா எறிவான் பாரு. எனக்குப் படுது.”

அம்மா தொட்டியிலிருந்து திரும்பாமலே சொன்னாள், “மாசம் பூரா அவனைப் பாத்துக் கத்துற வாய்க்கு இன்னைக்குத்தான் மரியாதை வந்துச்சாக்கும்.”

அப்பா எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார்.

எங்கள் ஊர் வானொலியில் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஒரு நிகழ்ச்சி. ஆட்டத்துக்கு முன்னால் ரசிகர்கள் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசலாம். நடத்துகிறவர் பெயர் லோமாக்ஸ். ‘மில் தெரு கார்ல்’ என்றால் அந்த நிகழ்ச்சி கேட்கிற எல்லோருக்கும் தெரியும். அது என் அப்பா. கொட்டகையில் ஒரு தொலைபேசி இருந்தது, வேலைக்காக. அங்கிருந்துதான் கூப்பிடுவார். அம்மா சமையலறை வானொலியைப் போட்டு உருளைக்கிழங்கு சீவினாள்.

கொட்டகைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அப்பா பேசுவது முதலில் சுவர் வழியாகக் கேட்கும். ஏழு விநாடி கழித்து அதே பேச்சு வானொலியில் வரும். யாராவது கெட்ட வார்த்தை பேசினால் வெட்டிவிடுவதற்காக நிலையத்தில் அந்த ஏழு விநாடி இடைவெளி வைத்திருந்தார்கள். அதனால் எங்கள் வீட்டில் அப்பாவை எப்போதும் இரண்டு முறை கேட்போம். அம்மா அதைச் சொல்லிச் சிரிப்பாள், “ஒரு தடவையே தாங்க முடியல, இதுல எதிரொலி வேற.”

வானொலியில் லோமாக்ஸ் சிரித்துக்கொண்டிருந்தார். “மில் தெரு கார்ல், போன வாரம் மட்டைக்குப் பின்னால பந்து பிடிக்கிறவரை மாத்தினா எல்லாம் சரியாயிடும்னீங்க. மாத்தினாங்க. நாலு ஆட்டம் தோத்தாச்சு. இன்னைக்கு யாரை மாத்தலாம், சொல்லுங்க. டிக்கெட் கிழிக்கிறவரையா?”

வானொலியில் அவர் முடிப்பதற்கு முன்பே சுவரின் அந்தப் பக்கம் அப்பா, “நீங்க சிரிங்க லோமாக்ஸ்” என்றார். “உங்களுக்கு மைக்குதான் இருக்கு. எங்களுக்குக் கண்ணு இருக்கு.”

பேச்சின் சூடு ஏறுவது எனக்குக் கேட்டது. நான் எழுந்து நின்றேன்.

“எல்லாரும் அந்தப் பையன் கை சரியில்லைங்கறீங்க. கை நல்லாத்தான் இருக்கு. வளைபந்து எறியுறதுக்கு முன்னாடி அவன் கையுறை விரியுது. வேகப்பந்துக்கு விரியுறதில்ல. மூணாம் வரிசையில உக்காந்திருக்கிற எங்களுக்கே தெரியுது. சம்பளம் வாங்குற உங்க கோச்சுக்குத் தெரியல. இன்னைக்காவது பாத்துச் சரி பண்ணச் சொல்லுங்க.”

‘கையுறை விரியுது’ என்று சுவர் வழியாக வந்தபோது, வானொலியில் அப்பா இன்னும், “உங்களுக்கு மைக்குதான் இருக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் நான் ஏதாவது செய்திருக்கலாம். பலகைச் சுவரைத் தட்டியிருக்கலாம். “அப்பா, வேண்டாம், வெட்டச் சொல்லுங்க” என்று கத்தியிருக்கலாம். அவர் கேட்டிருந்தால் லோமாக்ஸும் வெட்டியிருப்பார், அவருக்கும் ஹெரான்ஸ்தானே அணி. நான் ஒரு கையை மேசையில் ஊன்றி நின்றேன். வாய் திறந்திருந்தது என்று நினைக்கிறேன். பிறகு வானொலியில், ஊர் முழுவதற்கும், அப்பா அதைச் சொன்னார்.

அம்மாவின் கத்தி நின்றது. “இது நீ கண்டுபிடிச்சதா?” என்று என்னைக் கேட்டாள். நான் தலையாட்டினேன். “அவன்கிட்ட பேசக் கூடாது, ஊர்கிட்ட பேசலாமாமா?” என்றாள்.

அப்பா உள்ளே வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. “கோச் கண்டிப்பா கேட்டிருப்பான். இந்நேரம் சரி பண்ணிட்டிருப்பானுங்க. நேர்ல சொல்லி அவன் மனசைக் கெடுக்காம, சுத்தி வளைச்சு சொல்லியாச்சு” என்றார். அவர் அதை நம்பித்தான் சொன்னார். இல்லையென்றால் அவரை வெறுப்பது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகுதான் தெரிந்தது. தோல்வி மேல் தோல்வி வந்ததால் எங்கள் மேனேஜர் உடை மாற்றும் அறையில் வானொலியே வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாராம். வெளியூர் அணி தங்கியிருந்த நெடுஞ்சாலை விடுதியில், காலைச் சாப்பாட்டு அறையில், வானொலி ஓடிக்கொண்டிருந்தது.

ஆட்டம் இரண்டு மணிக்கு. வெயில் இருந்தது, காற்று மட்டும் கத்தி. முதல் மட்டையடிப்பவன் வந்து நின்றான். டெரல் கைகளைச் சேர்த்தான். கையுறை விரிந்தது. உடனே வெளியூர்க்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ஒரு சத்தம். யாரோ மட்டையின் அடியால் பெஞ்சைத் தட்டினார்கள். ‘டொக்.’ மட்டையடிப்பவன் அசையாமல் நின்று வளைபந்தைப் போக விட்டான்.

அடுத்ததற்குக் கையுறை விரியவில்லை. தட்டும் இல்லை. அந்தப் பந்து வேலிக்கு மேலே பறந்தது.

அப்பா மூடியைத் திறந்து சூப்பை ஊற்றப்போனவர் அப்படியே கையை வைத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது ஆளுக்கும் ‘டொக்’ வந்தது. மூன்றாவது ஆளுக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் நான் அதை எதிர்பார்த்தேன், நோட்டில் நான் போட்ட குறிகளை யாரோ எடுத்துப் பெஞ்சில் தட்டுவது போல. முதல் இன்னிங்ஸ் முடிவதற்குள் ஏழு ரன். டெரல் பிடியை மாற்றிப் பார்த்தான். தொப்பியைத் திருகினான். பெஞ்சுப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தான். சத்தம் அவனுக்கும் கேட்டது. ஆனால் தன்னுடைய எதைப் பார்த்துத் தட்டுகிறார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. கையுறையை முகத்துக்கு நேரே தூக்கிவைத்து எறிந்தான். அங்கேயும் அது விரிந்தது.

கூட்டம் ஊளையிட்டது. அப்பா மட்டும் உட்கார்ந்திருந்தார். பின்வரிசையிலிருந்து ஒருவர் குனிந்து அப்பாவின் தோளைத் தட்டினார். “மில் தெரு கார்ல்தானே? காலையில கேட்டேன். நீங்க சொன்னது அப்படியே சரிங்க. இதோ பாருங்க, விரியுது. கண்ணுன்னா கண்ணுதான்.”

அப்பா திரும்பவில்லை. “ம்” என்றார்.

இரண்டாவது இன்னிங்ஸின் நடுவில் மேனேஜர் வந்து பந்தை வாங்கிக்கொண்டார். டெரல் எங்கள் வலைக்கு முன்னால்தான் நடந்து போனான். மூன்றாம் வரிசையை அவன் பார்க்கவில்லை. வழக்கமாக அப்பாவின் குரல் வரும் இடத்திலிருந்து அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. யார் காட்டிக்கொடுத்தது என்பதை அதுவே அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்குமோ என்று பிறகு நான் நினைத்ததுண்டு.

நாங்கள் கடைசி வரை உட்கார்ந்திருந்தோம். பதினான்குக்கு இரண்டு. மழையிலும் அப்பா பாதியில் எழுந்தவர் இல்லை. அன்றைக்கு எழுந்து போகத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ. வேனில் ஒரே ஒரு முறை பேசினார்.

“சாயங்காலம் சொல்லிக்கலாம்னுதான் இருந்தேன்” என்றார்.

அவர் பேசக் கூடாததைப் பேசினார். நான் பேச வேண்டியதைப் பேசவில்லை. அந்த வேனில் இருந்த இருவரில் யார் பெரிய தவறு செய்தவர் என்று எனக்கு அப்போதே தெரியும்.

டெரல் அன்றிரவு அணிக்காரன் ஒருவன் வீட்டில் தங்கிவிட்டு, திங்கட்கிழமை காலை சாமான் எடுக்க வந்தான். அணியிலிருந்து விடுவித்துவிட்டார்கள் என்று அம்மாவுக்கு ரொட்டிக் கடையிலேயே சொல்லிவிட்டார்கள். யார் வானொலியில் பேசியது என்று அவனுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். எங்கள் ஊர் அவ்வளவு பெரிய ஊர் இல்லை.

அவன் மாடியில் பை கட்டும் சத்தம் கேட்டது. அப்பா வேலைக்குக் கிளம்பியவர் போல வேனில் போய் உட்கார்ந்திருந்தார், ஆனால் வண்டியைக் கிளப்பவில்லை. போவதற்கு முன், எண்ணெய் போட்ட தன் பெரிய கையுறையைக் கதவோரம் டெரலின் காலணிக்கு மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். அம்மா காகிதத்தில் நான்கு கறி சாண்ட்விச் சுற்றினாள். நான் சமையலறை மேசையில் நோட்டை வைத்தேன். ஏப்ரல் பதினாறு பக்கத்தைத் திறந்து, மடங்காமல் இருக்க மேலே பென்சிலை வைத்தேன். அவன் ஒரு நாள் கேட்ட கேள்விக்கு அதுதான் என் பதில். அன்றைக்கே சொல்லியிருந்தால் அது வேறு மாதிரியான பதிலாக இருந்திருக்கும்.

அவன் பையோடு இறங்கி வந்தான். அம்மா சாண்ட்விச்சைக் கொடுத்தபோது தலையை ஆட்டி வாங்கிக்கொண்டான். பிறகு நோட்டைப் பார்த்தான். குனிந்து படித்தான். கையுறைப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பக்கத்தின் தலையில் இருந்த தேதியில் அவன் விரல் நின்றது. விரல் அங்கேயே வெகுநேரம் இருந்தது. பதினாறு. ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு நாள் முன்னால்.

நான் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கொடிக்குப் பக்கத்தில் நான் நின்றபோது காத்திருந்தானே, அதே மாதிரி ஒரு நொடி காத்திருந்தான்.

அப்போதும் எனக்கு வரவில்லை.

அவன் நோட்டை மூடினான். பென்சிலை அதன் மேல் நேராக வைத்தான். கதவோரம் போய், கையுறையை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து அதை நோட்டின் மேல் வைத்தான். காலணியை மாட்டினான். சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த தொப்பியைக் கடந்து, கம்பிக்கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கினான். அப்பா வேனின் கண்ணாடியை இறக்கினார். டெரல் பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, வேனைத் தாண்டி, மில் தெருவில் பேருந்து நிலையத்துப் பக்கமாக நடந்து போனான்.